ஓய்வுநாள் தள்ளுபடி

வருஷத்தில் ஒரு முறை, கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கிற மாதம் வந்தால் அம்ராமுக்குச் சாப்பாடு இறங்காது. வரி ஆபீசுக்கும் டாக்டருக்கும் பயப்படாத மனிதர். மனைவி சோஹராவுக்குக்கூடப் பாதிதான் பயப்படுவார். ஆனால் அந்தக் காகிதம் வீட்டுக்கு வந்துவிட்டால், போன வருஷத்துத் தொகையையும் இந்த வருஷத்துத் தொகையையும் மாறி மாறிப் பார்த்து, நடுவில் எங்கேயாவது தன் தப்பு இருக்கிறதா என்று தேடுவார். தப்பு ஒன்றும் இருக்காது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வண்டி ஓட்டுகிறார், ஒரு கீறல் கிடையாது. கீறாதவனுக்கும் விலை ஏறத்தான் செய்யும் என்பதை மட்டும் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெட்டுகிற வேலை சோஹராவுடையது. முழுக் காப்பீடு என்பது பேருக்குத்தான் முழுசு. பிரித்துப் பார்த்தால் ஏகப்பட்ட உருப்படிகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. எதை எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டுக் கேட்டு, அவள் அதை வருஷத்துக்கு ஒன்றாக உருவிக்கொண்டே வந்தாள். மகள் ஹொதாயாவின் கல்யாணத்து வருஷம் மாற்றுக் கார் போயிற்று. "வண்டி ஒர்க்‌ஷாப்ல நின்னா நீ பஸ்ல போ. பஸ் ஓட்டுறவனுக்குப் பஸ்ல போகக் கசக்குதா?" என்றாள். அடுத்த வருஷம் இழுவை வண்டி. "எதுக்கு அது? என் தம்பிகிட்ட கயிறு இருக்கு." அதற்கடுத்து கண்ணாடி. கண்ணாடியை எடுத்த சூட்டோடு சூடாக முன்னால் போன லாரி ஒரு கல்லைத் தெறிக்கவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க அம்ராம் விரிசலுக்கு இந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டே ஓட்டினார். கழுத்து பிடித்துக்கொண்டதற்கு ஆன தைலச் செலவை சோஹரா கணக்கில் சேர்க்கவில்லை.

விபத்து நடந்தால் முதலில் நம் கையிலிருந்து போட வேண்டிய தொகையை ஏற்றிக்கொண்டால் பிரீமியம் இறங்கும் என்று தெரிந்ததும், அதையும் ஏற்றினாள். இவர்தான் கீறவே மாட்டாரே என்பது அவள் வாதம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய மிச்சம் ஹொதாயாவின் பெயரை எடுத்தபோது கிடைத்தது. சின்ன வயது ஓட்டுநர் என்று அவளுக்காகக் கட்டி வந்த பணத்தில் ஒரு ஆட்டையே வாங்கி மேய்த்திருக்கலாம். அவள் கல்யாணம் ஆகி ஆராத் ஊருக்குக் குடிபோனதும் பெயரை அடித்தார்கள். அந்த மிச்சத்தில் புதுக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. பெட்டி வந்த அன்றைக்கு சோஹரா அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். குளிர் வெளியே போகிறது, மூடு என்று அம்ராம் சொன்னார்.

அவர்கள் ஊரான பெயெர்செபாவிலிருந்து சாக்கடலோரத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகிற பஸ் அவருடையது. கோழி கூவுமுன் வண்டியை எடுத்து, கண் திறக்காத ஆட்களை ஏற்றி, இறக்கி, சாயங்காலம் அவர்களையே திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வழி ஆராதின் ஓரமாகத்தான் போகிறது. ஹொதாயா குடியிருக்கிற கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிகள் ரோட்டிலிருந்தே தெரியும். தினமும் இரண்டு தடவை அதைப் பார்ப்பார். நாற்பது பேர் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது எங்கே நிறுத்துவது?

ஞாயிறு தொடங்கி வெள்ளி மதியம்வரை இப்படி உழைத்தவனுக்காகத்தான் கடவுள் ஏழாவதாக ஒரு நாளை வைத்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து விளக்கேற்றியது முதல், சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை யூதர்களுக்கு ஓய்வுநாள். அம்ராமின் தெருவில் அந்த நேரத்தில் விளக்கு சுவிட்சைக்கூட யாரும் தொட மாட்டார்கள். கார் ஓட்டுவது என்பது பேச்சுக்கே இடமில்லை. வேலியில் துணிபோல் கார்கள் வரிசையாகக் கிடக்கும்.

அந்தத் தெருவுக்குத்தான் போன வருஷக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹொதாயா காரில் வந்து இறங்கினாள். அப்போது புருஷனைப் பிரிந்திருந்தாள். கல்யாணமானவள் தலையில் கட்ட வேண்டிய துணி இல்லை, கையில் கைக்குழந்தை. ஜெபாலயம் விட்டு ஜனங்கள் வீடு திரும்புகிற நேரம். எல்லாப் பால்கனியிலும் ஆள். சோஹரா மாடியிலிருந்து இறங்கிப் போய், குழந்தையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னிக்குக் கார்ல வர்றதா இருந்தா இந்தத் தெருவுக்கே வராதே. வெள்ளிக்கிழமை வா, தங்கு, உன் வீடு இது." வெள்ளிக்கிழமை ஹொதாயாவுக்குக் கடையில் வேலை. சனிக்கிழமை ஒன்றுதான் அவளுக்கு லீவு. அவள் அதையெல்லாம் விளக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவும் மகளும் ஒரே அச்சு. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுமுன் போனில், நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், வைக்கிறேன். அதோடு சரி.

அம்ராம் மூன்று மாதம் தாங்கினார். பிறகு, சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் ஊருக்கு அந்தக் கோடியில் உள்ள ஜெபாலயத்தில் வேதப் பாடம் நடக்கிறது, போய்வருகிறேன் என்றார். இரவெல்லாம் அடுப்பில் கிடந்து முட்டையும் கோதுமையும் கறியும் பழுப்பேறிய சாப்பாட்டைத் தின்றுவிட்டுத் தெருவே குறட்டை விடுகிற நேரம் அது. கார் வாசலில் இருக்காது. வெயிலில் பெயிண்ட் வெளுக்கிறது என்று சொல்லி, வெள்ளிக்கிழமையே இரண்டு தெரு தள்ளி மருத்துவமனைக்குப் பின்னால் நிழலில் நிறுத்தியிருப்பார். சட்டைப் பையில் சாவி கனக்க, பாடத்துக்குப் போகிறவரைப்போல் மெதுவாக நடப்பார்.

அங்கே போய் அவர் பெரிதாக ஒன்றும் கிழிப்பதில்லை. பேரன் எவியதாரைப் பின் சீட்டில் வைத்து ஒரு சுற்று சுற்றிவந்து, பிறகு வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு சோபாவில் தூங்குவார். ஹொதாயா பேசிக்கொண்டே இருப்பாள், இவர் பாதியில் கண் செருகிவிடுவார். ஆறு நாளும் ஓட்டி, ஏழாம் நாளும் ஓட்டுகிற உடம்பு. அத்தனை தூரம் ஓய்வுநாளை மிதித்துக்கொண்டு போனவர், மகளின் பாத்திரத்தில் சுத்தபத்தம் போதாது என்று காகிதக் கோப்பையில் தண்ணீர் மட்டும் குடிப்பார். ஹொதாயா ஒருநாள் இதைக் கேட்டுச் சிரித்தாள். "எல்லாப் பாவத்தையும் ஒரே நாள்ல பண்ண முடியுமாடி?" என்றார் அவர். மாலை ஜெபத்துக்குள் திரும்பிவிடுவார். பாடம் எப்படி என்று சோஹரா கேட்பாள். நல்லா இருந்துச்சு என்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால், வாரம் முழுக்க ஓட்டிய களைப்பு மொத்தமும் முதுகில் வந்து உட்காரும்.

இந்த வருஷம் தொகை கண்ணைக் கட்டியது. கார்த் திருட்டு கூடிவிட்டது, உதிரிபாகம் விலை ஏறிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். பழைய ஏஜெண்டு கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். அவர் இடத்தில் வந்த இகால் ஜெபாலயத்தில் அம்ராமுக்குப் பின் வரிசையில் உட்காருகிறவன். நல்ல பையன், ஆனால் வாய்க்குக் கதவு கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் அவன் ஆபீசுக்குப் போனார்கள். காரை ஓட்டியது சோஹரா.

அவள் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஐம்பதை நெருங்கும்போது லைசென்ஸ் எடுத்தவள். தேர்வில் மூன்று தடவை தோற்றாள். மூன்றாவது தடவை தேர்வு வைத்தவனையே, உனக்கு யாருடா லைசென்ஸ் கொடுத்தது என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தாள். நாலாவதில் தேறினாள். அதிலிருந்து செவ்வாய்க்கிழமை தங்கையைப் பார்க்க ஓஃபாக்கிம், புதன்கிழமை சந்தை, நடுவில் காரணமே இல்லாமல் ஒரு சுற்று. ஜன்னலை இறக்கிவிட்டு, ரேடியோவைவிடச் சத்தமாகப் பாடுவாள். வீட்டில் அவள் பாடி அம்ராம் கேட்டதில்லை.

"வாங்க அண்ணே, வாங்க அக்கா," என்றான் இகால். "ஏறிப்போச்சுன்னு சண்டை போடத்தானே வந்திருக்கீங்க? எல்லாருக்கும் ஏறிப்போச்சு. என் மாமியாருக்கே ஏத்திட்டேன்னா பாத்துக்குங்க."

"உன் மாமியாருக்கு ஏத்துறது உனக்குக் குஷி. எங்களுக்கு இறக்கு," என்றாள் சோஹரா. "போன வருஷத்துக்கு மேல ஒரு ஷெக்கல் தர மாட்டேன்."

இகால் திரையைப் பார்த்து மேலும் கீழும் உருட்டினான். "எதை வெட்டுறது அக்கா? கண்ணாடி இல்லை, இழுவை இல்லை, மாத்துக் கார் இல்லை. கைக்காசும் உச்சத்துல இருக்கு. சதையெல்லாம் தீர்ந்து எலும்புதான் நிக்குது." பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "பொறுங்க, பொறுங்க. இது என்ன கூத்து? ஓய்வுநாள் கட்டம் காலியா இருக்கே! அந்த மனுஷன் உங்களைக் கேக்கவே இல்லையா?"

"என்ன கட்டம்?" என்றார் அம்ராம்.

"ஓய்வுநாள்லயும் பண்டிகையிலயும் வண்டியை எடுக்க மாட்டோம்னு ஒரு உறுதிமொழி. கையெழுத்து போட்டா தள்ளுபடி. உசுருக்கு ஆபத்துன்னு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினா மட்டும் பாதகமில்லை. மத்தபடி அன்னிக்கு என்ன ஆனாலும் கம்பெனி கால் காசு தராது. நீங்கதான் எடுக்கவே மாட்டீங்களே! அறுநூத்துச் சொச்சம் ஷெக்கல் அண்ணே, தெருவுல கிடக்கு. குனிஞ்சு எடுத்துக்க வேண்டியதுதான்."

காகிதத்தையும் பேனாவையும் எடுத்து அம்ராமின் முன்னால் வைத்தான். ஏறிய தொகை அப்படியே இறங்கிவிடும். சோஹராவின் பக்கம் திரும்ப அம்ராமுக்குத் தைரியம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டினால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆராத் ரோடு எப்படிப்பட்ட ரோடு என்று அவருக்குத் தெரியும். யாராவது ஒருவன் பின்னால் வந்து முட்டினால் போதும். கார் மட்டுமா போகும், கேஸ் காகிதத்தில் கிழமையோடு பெயர் ஏறி, அடுத்த வாரம் ஜெபாலயம் முழுக்கப் படித்துவிடும். அது போகட்டும். பொய் என்று தெரிந்து பேனாவைப் பிடிக்கக் கை வரவில்லை. வாயால் சொல்கிற ஒரு பொய்யே அவருக்கு வாரம் முழுக்கச் சுமை.

"வேண்டாம்," என்றார்.

"ஏன்?"

"நான் சத்தியம் பண்றதில்லை."

அது ஒன்றும் அவர் அந்த நிமிஷத்தில் கண்டுபிடித்த வழக்கமில்லை. இந்தத் தெருக்காரர்கள் நாளைக்கு ரொட்டி வாங்கி வருகிறேன் என்று சொன்னால்கூட, 'இது சத்தியம் இல்லை' என்று கூடவே சேர்த்துக்கொள்வார்கள். ரொட்டிக் கடை பூட்டிக் கிடந்து வாக்குத் தவறினால் பாவம் வந்து சேருமே என்ற பயம். ஆனால் அதை யாரும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்வரை இழுத்து வந்ததில்லை.

இகால் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, இது சத்தியம் இல்லை, தள்ளுபடி!"

"கையெழுத்து போட்டா சத்தியம்தான்."

"அப்போ கல்யாணப் பத்திரத்துல போட்டீங்களே?"

"அதுக்கப்புறம்தான் இனிமே எதுலயும் போடுறதில்லைன்னு முடிவு பண்ணேன்."

சோஹரா சிரிக்கவில்லை. இகால் விடுவதாக இல்லை. "சரி, நம்ம ஜெபாலயத்து ரபிகிட்டயே கேட்டுடுவோம். நாளன்னிக்கு ஜெபம் முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் கேக்கிறேன், ஓய்வுநாளைக் காப்பாத்துறேன்னு யூதன் கையெழுத்து போடலாமா கூடாதான்னு. ஆமா, நீங்க மத்தியானம் எந்தப் பாடத்துக்கு அண்ணே போறீங்க? அந்தக் கோடி ஜெபாலயத்துக்குன்னு சொன்னீங்க. என் மச்சான் அங்கதான் கதியா கிடக்கிறான். உங்களை ஒருநாளும் பார்த்ததில்லைங்கறான்."

அம்ராம் பேனாவின் மூடியைப் போட்டு மூடினார். இத்தனை மாதம் கட்டிக் காத்தது ஒரு வாயாடியின் மேசையில், பேனாவுக்கும் காகிதத்துக்கும் நடுவில் உடையப்போகிறது என்று நினைத்தார். பயத்தைவிட, அப்பாடா என்கிற ஒரு அசதிதான் முதலில் வந்தது. உடைந்தால் உடையட்டும், சனிக்கிழமையாவது தூங்கலாம் என்று நினைத்தார். நினைத்த மறுகணம் எவியதாரின் சூடு வயிற்றில் பட்டாற்போல் இருந்தது. வெட்கப்பட்டார்.

"உன் மச்சான் பாடம் கேக்கிறானா, வர்றவன் போறவனைக் கணக்கெடுக்கிறானா?" சோஹராவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரபியை எல்லாம் இதுக்குள்ள இழுக்காதே. எங்கப்பா மராகேஷ் ஊர்லேர்ந்து வந்தவர். நாளைக்குக் காலையில எழுந்திருப்பேன்னுகூட அவர் உறுதியாச் சொன்னதில்லை. எங்க ரெண்டு வீட்டுலயும் அப்படித்தான். அந்தக் காகிதத்தை எடு."

"அறுநூறு ஷெக்கல் அக்கா!"

"காது கேக்குது. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. வண்டி ஓட்டுறது ஒரே ஆள்னு போட்டா எவ்வளவு குறையும்?"

இகால் தட்டிப் பார்த்தான். "கிட்டத்தட்ட அதே அளவு வருது. முப்பது, நாப்பது முன்னே பின்னே. ஆனா யாரை எடுக்கிறது?"

"என்னை."

"உனக்கென்ன கிறுக்கா?" இப்போதுதான் அம்ராம் அவள் பக்கம் திரும்பினார். "செவ்வாய்க்கிழமை உன் தங்கச்சி வீட்டுக்கு எப்படிப் போவே?"

"பஸ்ல."

"சந்தைக்கு?"

"அதுக்கும் பஸ்ல. ஊர்ல பொம்பளைங்க போகலையா? என் முட்டியும் முன்ன மாதிரி இல்லை, கிளட்ச் மிதிச்சா வலிக்குது." கார் ஆட்டோமேட்டிக். அதில் கிளட்சே கிடையாது. இகாலுக்கு அது தெரியாது. அம்ராமுக்குத் தெரியும். அவள் இகாலை மட்டுமே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, நல்லா யோசிச்சுக்குங்க. அப்புறம் அவசரத்துக்கு நீங்க ஓட்டி ஏதாவது ஆனா—"

"ஓட்ட மாட்டேன். இதுக்குச் சத்தியம் கேக்காதே."

இகால் பெயரை எடுத்தான். ஒரு தட்டு, அவ்வளவுதான். அச்சில் வந்த காகிதத்தில், இரண்டு வரி இருந்த இடத்தில் ஒரு வரி இருந்தது: அம்ராம். முன்பு மகளின் பெயர் போனதைப் பார்த்தவர், இப்போது மனைவியின் பெயர் போனதையும் பார்த்தார். தன் பெயர் தனியாக நிற்பதைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. வலித்தது. போன வருஷத்துத் தொகைக்கு மேல் ஒரு ஷெக்கல்கூட ஆகவில்லை. சோஹரா கிரெடிட் கார்டை நீட்டிவிட்டு, இகாலின் மனைவிக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. சாவி இதற்குள் அம்ராமின் கைக்கு வந்திருந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே நினைவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவருகே அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கொடு. பழைய காகிதம் மாசக் கடைசி வரைக்கும் செல்லும். அதுவரைக்கும் என் பேரும் இருக்கு."

கொடுத்தார். சுற்றிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ்ஸில் அப்படி அவர் உட்கார்ந்ததே இல்லை, காரிலும் அபூர்வம்தான். வண்டி முதல் சிக்னலில் நின்றது.

"சோஹரா," என்றார். "சனிக்கிழமை நான் அங்க—"

"சொல்லாதே."

"இல்லை, நான் சொல்லணும்."

"சொல்லாதேன்னேன்ல." அவள் சிக்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பஸ்காப் பண்டிகைக்கு இந்த வண்டியைக் கூட்டினது யாரு? நீயா? ரொட்டித் துணுக்கு ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு நான்தான் தலைகீழாத் தொங்கி, சீட்டு இடுக்கெல்லாம் நோண்டினேன். பின் சீட்டுக்கு அடியில பாதி சப்பின பிஸ்கட்டு. ரெண்டே ரெண்டு பல்லு தடம். நம்ம வீட்டுல யாருக்கு இப்பப் பல்லு முளைக்குது?"

அம்ராம் கணக்குப் போட்டுப் பார்த்தார். பஸ்கா முடிந்து வசந்தம் போய், கோடையும் முடியப்போகிறது. அத்தனை சனிக்கிழமையும் இவள் பாடம் எப்படி என்று கேட்டிருக்கிறாள். அத்தனை சனிக்கிழமையும் இவரும் நல்லா இருந்துச்சு என்று சொல்லியிருக்கிறார்.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ உன் வாயால சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது." பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை. "நீ சொல்லிட்டா, நான் போகாதேன்னு சொல்லியாகணும். நான் சொன்னா நீ போக மாட்டே. உன்னைத் தெரியாதா எனக்கு? அப்புறம் அந்தப் பிள்ளையை யாரு போய்ப் பார்க்கிறது?"

மறுபடியும் ஹாரன். அவள் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, அவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் காட்டிவிட்டு வண்டியை எடுத்தாள்.

வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவள் திரும்பவில்லை. நேரே போனாள். கடைகள் முடிந்து, குடியிருப்புகள் முடிந்து, ஆராத் என்று அம்புக்குறி போட்ட பலகை வந்தது. அதன் அடியில் ஊரின் கடைசி ரவுண்டானா. அங்கே வேகத்தைக் குறைத்தாள். ஒரு முறை சுற்றினாள், இரண்டாம் முறையும் சுற்றினாள், ஆராத் பக்கம் பிரிகிற ரோட்டை இரண்டு தடவையும் தாண்டிவிட்டு, வந்த வழியே திரும்பினாள். ஜன்னல் இறங்கியிருந்தது. ரேடியோ போடவில்லை, பாடவும் இல்லை. வேறு நாளாக இருந்தால், பெட்ரோல் என்ன விலை விற்கிறது, இப்படி வீணாகச் சுற்றுகிறாயே என்று அம்ராம் பிடித்துக்கொண்டிருப்பார். அன்று வீடு வருகிறவரை அவர் வாய் திறக்கவில்லை.